வளைந்தது மதிலா, படமா?



எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் இப்போது படம்தான் சாட்சி. "மதில் கோணல்" என்று ஒரு படம் வந்தால், நேரில் போய்ப் பார்க்க முன்னரே தீர்ப்பு வந்துவிடுகிறது. அண்மையில் அப்படி ஒரு படத்தால் ஒரு மேசனின் மிச்சக் கூலி நின்றுபோனது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கெமரா வில்லை நேர்கோட்டை வளைக்கும். சந்தேகமென்றால் கல்லடிக்குப் போங்கள். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தை வாவிக் கரையில் நின்று, போனில் 0.5 வைத்து இரண்டு படம் எடுங்கள். ஒன்றில் பாலம் நடுவில் வரட்டும், மற்றதில் மேல் ஓரத்தில் வரட்டும். சில போன்கள் தாமாகவே திருத்திவிடும். மற்றவற்றில், நடுவில் நேராக நின்ற அதே பாலம் ஓரத்தில் பீப்பாயின் வயிறுபோல வளைந்து தெரியும்.

இந்த வளைவை அளக்க ஒரு வழியை 1971இல் டுவேன் பிரவுன் என்ற அமெரிக்கர் எழுதினார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை நூல்களைக் குண்டு கட்டித் தொங்கவிட்டுப் படம் எடுத்தார். குண்டு தொங்கும் நூல் நேராகத்தான் இருக்கும். ஆகவே படத்தில் அது வளைந்தால் பிழை வில்லையில்தான்.

இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. வெளிச்சமும் இருளும் சட்டென மாறும் புள்ளிகளைத் தேடி, எவை ஒரே கோட்டுக்குரியவை என்று பார்க்கிறது. அவை நேர்கோட்டை விட்டு விலகும் அளவைக் கொண்டு, எல்லாக் கோடும் நேராகும்வரை கணக்கைத் திருத்துகிறது. பிறகு அந்த வில்லையில் எடுத்த எல்லாப் படத்துக்கும் அதே திருத்தம்தான். ட்ரோனில் காணி அளப்பவர்களுக்கு இது இல்லாமல் முடியாது.

அந்த மதிலிலும் இதைத்தான் செய்தோம். மேசனுடைய தூக்குக்குண்டையே மதில் விளிம்பில் தொங்கவிட்டு, முதல் படம் எடுத்த இடத்திலிருந்து அதே போனில் எடுத்தோம். மதிலோடு சேர்ந்து நூலும் வளைந்திருந்தது. வீட்டுக்காரர் பார்த்தார், அன்றே கூலியைக் கொடுத்தார்.

இன்னொன்று. போனைச் சரித்துப் பிடித்தால் மதில் சரிந்து தெரியும். அது வேறு விஷயம். அங்கே கோடு சரியுமே தவிர வளையாது.

மதில் உண்மையிலேயே கோணலாகவும் இருக்கலாம். அதையும் நூல் காட்டிவிடும். ஆகவே ஒருவரின் கைவேலையைக் குறை சொல்லும் படத்தை அனுப்ப முன், பக்கத்தில் ஒரு நூலைத் தொங்கவிட்டு எடுங்கள். நூலுக்குச் செலவு பத்து ரூபாய்கூட வராது.