இடப்பக்கத்துக் கண்ணாடி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மலருக்கு எழுதும் நண்பர்கள் பலர் இயற்கையின் எழிலைப் பற்றியும் தாயன்பைப் பற்றியும் விண்வெளி விந்தைகளைப் பற்றியும் எழுதுவார்கள். நான் ஒரு லாரியின் கதவைப் பற்றி எழுதப் போகிறேன். இதில் இயற்பியலும் இருக்கிறது, நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. இரண்டில் தவறுதான் பெரிது. மின்னியல் கற்பித்த பேராசிரியர் பொறுத்தருள்க.

எங்கள் ஊர் நாமக்கல். லாரிக்குப் பாடி கட்டுவதில் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர். தொழிற்சாலையிலிருந்து முகப்பும் எஞ்சினும் சக்கரங்களுமாக வெறும் சேஸிஸ் வந்து சேரும். ஓட்டி வருபவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் அமர்ந்தே ஓட்டி வருவார். பிறகு தச்சரும் வெல்டரும் பெயின்டரும் சேர்ந்து அதற்குக் கேபினும் பெட்டியும் கட்டி ஓர் உருவம் கொடுப்பார்கள். என் அப்பா ஓட்டும் லாரியும் அப்படிப் பிறந்ததே. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. அப்பாவின் லாரி அந்த விதிக்குப் பல ஆண்டு மூத்தது. அதில் கண்ணாடியை ஏற்ற வேண்டுமானால் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும்.

வலப்பக்கத்துக் கண்ணாடியால் தொல்லை இல்லை, கைக்கு எட்டிவிடும். தொல்லை கொடுப்பது இடப்பக்கத்துக் கண்ணாடி. முன்பெல்லாம் அந்தப் பக்கம் கிளீனர் அமர்ந்திருப்பார். இப்போது கிளீனர் வேலைக்கு ஆள் வருவதில்லை. அப்பா தனியாகத்தான் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு வாளையாறு வழியாகக் கேரளத்துக்குப் போய் வருகிறார். ஜூன் மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயில் மழை சொல்லிவிட்டா வருகிறது? சாரல் உள்ளே அடிக்கத் தொடங்கினால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சின் மூடியின் மேல் ஏறி அந்தப் பக்கம் போய்க் கண்ணாடியைச் சுற்றி ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரியை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதை நாளிதழ் படிப்பவர் அறிவர். நிறுத்தாமல் நனைந்துகொண்டே போன இரவுகளும் உண்டு. ஒரு முறை லோடுச் சீட்டெல்லாம் நனைந்து கூழாகிவிட்டது.

முதலாண்டுத் தேர்வு முடிந்து நான் வீட்டில் இருந்தபோது அப்பா கேட்டார். "ஏங் கண்ணு, காருலெல்லாம் பட்டனை அமுத்துனாக் கண்ணாடி ஏறுதே, அது நம்ம வண்டிக்கு ஆகாதா?"

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. நான் 'கரண்ட்டைப் பற்றிப் படிக்கிறேன்' என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆகவே இதை நானே செய்துவிடுவேன் என்று அப்பா நம்பினார். அவரைவிட அதிகமாக நான் நம்பினேன்.

முதலாளி, "உங்க செலவுல வச்சுக்கிறதுன்னா வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு நடையின் படிக்காசு முழுவதும் போட்டு, இரண்டு மோட்டார், சில ஸ்விட்சுகள், ஒயர்க் கட்டு ஆகியவை அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தோம். லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. காருக்கு 12 வோல்ட்தான். 24 வோல்ட் மோட்டார் வேண்டும் என்று கேட்டு வாங்கும் அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. கடைக்காரர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதிக் கர்வம் ஏறிவிட்டது.

மோட்டாரைக் கதவுக்குள் பொருத்துவது இரும்பு வேலை. பட்டறையிலிருந்த அண்ணன் ஒருவர் துளையிட்டுக் கொடுத்தார். பழைய கைப்பிடி சுற்றிய தண்டையே மோட்டாரும் சுற்றும்படியான அமைப்பு அது. மோட்டாருக்குள் திருகுப் பல்லும் பல்சக்கரமும் இருப்பதால் மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்த முடியும், கண்ணாடியின் எடை மோட்டாரைச் சுற்ற முடியாது. ஆகவே மின்சாரம் நின்றாலும் ஏறிய கண்ணாடி ஏறிய இடத்திலேயே நிற்கும். 

ஒயர் வேலைதான் சுவையானது. நேர்மின்னோட்ட மோட்டாருக்கு இரண்டு முனைகள். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் சுழலும் திசையும் மாறும். ஸ்விட்சு சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரு முனைகளும் எர்த்தில் இருக்கின்றன. மேல்பக்கம் அழுத்தினால் ஒரு முனைக்கு 24 வோல்ட் போகிறது, மற்றது எர்த்திலேயே நிற்கிறது. கீழ்ப்பக்கம் அழுத்தினால் இது தலைகீழ். இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இடப்பக்கத்துக் கண்ணாடிக்கு இரண்டு ஸ்விட்சுகள் வேண்டும். அந்தக் கதவில் ஒன்று, அப்பாவின் கைக்கருகே ஒன்று. இரண்டையும் இணையாக ஒரே மோட்டாரில் கொடுத்தேன். அப்பாவின் பக்கத்து ஸ்விட்சை அழுத்தினேன். 'டப்'! ப்யூஸ் போயிற்று. புதிது போட்டேன், அதுவும் போயிற்று. அன்றிரவு தூக்கமில்லை. பழைய நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து வரைந்து, விடியும் நேரத்தில்தான் விளங்கியது. ஒரு ஸ்விட்சு 24 வோல்ட்டை அனுப்பும்போது, சும்மா இருக்கும் மற்றொன்று அதே ஒயரை எர்த்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறது! கதவு ஸ்விட்சின் எர்த் முனைகளை எர்த்தில் கொடுக்கக் கூடாது. அவற்றை அப்பாவின் ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர்களோடு சேர்க்க வேண்டும். ஒன்றின் வழியாக மற்றொன்று எர்த்தை அடைய வேண்டும். காலையில் மாற்றி இணைத்தேன். கண்ணாடி 'ர்ர்ர்' என்று ஏறியது. அப்பா நாலைந்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கி வரப் போனார்.

பட்டறை மீட்டரில் அளந்தேன். இறங்கும்போது இரண்டரை ஆம்பியர், ஏறும்போது நான்கு, உச்சியில் முட்டி நிற்கும்போது பதினொன்று. ஆகவே நான் போட்டிருந்த 10 ஆம்பியர் ப்யூஸ் சரி என்று முடிவு செய்தேன். முட்டி நிற்பது ஒரு நொடிதானே! இருமுறை போய் என்னைக் காப்பாற்றிய ப்யூஸ் ஆயிற்றே என்ற நம்பிக்கை வேறு.

அந்தப் ப்யூசை எங்கே வைத்தேன் என்பதுதான் இக்கட்டுரை. பேட்டரிப் பெட்டி கேபினுக்குப் பின்னால் சேஸிஸில் இருக்கிறது. அங்கிருந்து மூன்று மீட்டர் ஒயரை இழுத்து, கேபின் தரைத் தகட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு துளை வழியாக உள்ளே கொண்டுவந்து, ஸ்விட்சுக்கு அருகில் ப்யூசை வைத்தேன். போனால் மாற்றுவதற்கு எளிது என்று நினைத்தேன். தொடர் சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே என்பது பாடம். ஆகவே ப்யூஸ் எங்கிருந்தால் என்ன? இந்த வாக்கியத்தைத் தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

மூன்று நடை நன்றாகப் போயிற்று. நான்காவது நடையில், இரவு இரண்டு மணி இருக்கும், கோயம்புத்தூர் தாண்டி வாளையாற்றை நெருங்கும்போது முகப்பு விளக்குகள் மங்கின. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. சீட்டுக்குக் கீழிருந்து புகை. அப்பா வண்டியை நிறுத்திக் குதித்து, ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, பேட்டரி முனையிலிருந்து அந்த ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறார். கையோடு வந்துவிட்டது. நான் அதை முனையில் சரியாக முறுக்கவில்லை. என் வேலைகளில் இது ஒன்று மட்டம். அந்த மட்டமான வேலைதான் அன்று வண்டியைக் காத்தது. லோடில் ஒரு முட்டைகூட உடையவில்லை. அப்பாவின் வலது உள்ளங்கையில் மட்டும் ஒயரின் பருமனுக்கு ஒரு கோடு வெந்திருந்தது.

மூன்றாம் நாள் வீடு வந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து கருகிய ஒயரையும் ப்யூசையும் எடுத்து வைத்தார். ஒயரின் ஓரிடத்தில் செம்பு உருகி மணிமணியாக நின்றது. ப்யூஸ் புத்தம் புதிதாக இருந்தது.

"இது எதனால கண்ணு?"

"ஒயர் மட்டமுங்கப்பா" என்றேன். சொல்லும்போதே பொய் என்று தெரியும். ஒயரில் குற்றமில்லை. துளையின் கூரிய விளிம்பு, வண்டியின் ஒவ்வோர் அதிர்விலும் அதை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு ரப்பர் புஷ் போட்டிருந்தால் அறுந்திராது, நான் போடவில்லை. தோல் உரிந்த ஒயர் தகட்டைத் தொட்டதும் பேட்டரி, ஒயர், தகடு, பேட்டரி என்று புதிய சுற்று ஒன்று உருவாகிவிட்டது. நான் வரைந்த படத்தில் இல்லாத சுற்று. அதில் ப்யூசுக்கு இடமே இல்லை.

பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மூன்று மீட்டர், மின்தடை சுமார் 0.034 ஓம். பேட்டரியின் உள்தடையையும் எர்த்தின் தடையையும் சேர்த்து 0.05 என்று கொண்டால், 24 வோல்ட்டுக்கு 480 ஆம்பியர். தொடுதல் நன்றாக அமைந்துவிட்டால் செம்பே உருகச் சில விநாடிகள் போதும். ஓம் தம் விதியை வெளியிட்டது 1827-இல். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அச்சில் இருக்கும் ஒரு வகுத்தலை, அப்பாவின் கை வெந்த பிறகுதான் நான் செய்தேன்.

"நீயே போய் மேஸ்திரியைக் கேளு" என்று அப்பா அனுப்பினார். ஆட்டோ எலக்ட்ரிக் கடை மேஸ்திரி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சிரிப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன், சிரிக்கவில்லை. ஒயரைப் பார்க்கவுமில்லை. "ப்யூசு எங்க வச்ச?" என்பதுதான் முதல் கேள்வி. சொன்னேன். "ப்யூசு மோட்டாருக்கு இல்லீங் தம்பி, ஒயருக்கு" என்றார். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் அளந்து காட்டி, "இதுக்குள்ள இருக்கோணும். தாண்டுனா அது ப்யூசு இல்ல, சும்மா ஒரு சாமான்" என்றார். பிறகு கதவு ஒயரையும் கேட்டார். கதவு ஒரு நாளைக்கு நூறு முறை திறக்கும். கீல் அருகே ஒயர் வளைய இடம் விட்டிருக்கிறாயா, குழாய்க்குள் விட்டிருக்கிறாயா என்றார். விட்டிருக்கவில்லை. அடுத்து அறுந்திருக்கக்கூடிய இடம் அதுதான்.

முதலாளியிடம் அப்பா என்ன சொன்னார் என்பது பின்னால் அம்மா சொல்லித் தெரிந்தது. "எலி கடிச்சிருச்சுங்க" என்றாராம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

திரும்ப ஒயர் போட மேஸ்திரியிடமே விட்டுவிடலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. "நீயே போடு. நா பக்கத்துல நிக்கறேன்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போட்டேன். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ப்யூஸ், முனையில் ஈயப் பற்று வைத்த வளையம், துளைகளுக்கெல்லாம் ரப்பர் புஷ், கீலருகே நெளிகுழாய். கட்டுப் போட்ட கையோடு அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு துளையிலும் விரலை விட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

மாலையில் லோடு ஏற்றக் கிளம்பினார். நான் தெருமுனை வரை நடந்தேன். வானத்தில் மேகம்கூட இல்லை. திருப்பத்தில் லாரி வேகம் குறைந்தபோது இடப்பக்கத்துக் கண்ணாடி மெல்ல ஏறி, நடுவில் நின்று, மீண்டும் ஏறி முழுக்க மூடிக்கொண்டது. பிறகு கீழே இறங்கியது.