இறக்குவானையிலிருந்து சீதாவாக்கை வரை

கல்லூரி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் இம்முறை மதுரைக்கோ சிதம்பரத்துக்கோ போய்வருவோமென்று மனைவியிடம் சொல்வது என் வழக்கம், சொல்வதோடு சரி. இவ்வாண்டு அவள் குறுக்கிட்டாள். "என்னங்க, பொறந்த நாளையிலிருந்து இந்தச் சபரகமுவையிலதான் இருக்கேன். பஸ் சன்னல் வழியாகப் பார்த்த ஊர்களை இறங்கி நின்னு பார்த்ததில்லை. அதைக் காட்டுங்க, போதும்" என்றாள். பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பிக்கும் எனக்கு அச்சொல் சற்றே உறைத்தது.

நண்பரொருவரின் பழைய மொரிஸ் மைனர் காரை இரவல் வாங்கிக்கொண்டு, இறக்குவானைக்கு மேலேயுள்ள தோட்டத்திலிருந்து காலையிலேயே புறப்பட்டோம். என் மாமியார் இன்னும் அங்கே லயத்தில்தான் வசிக்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் சிறு திண்ணை. என் மனைவி பிறந்ததும் அவ்வறையிலேதான். 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு தருவதாகக் கூறிப் பெயர் எழுதிச் சென்று ஆண்டுகள் சில ஆகின்றன. "போற வழியில யாராவது தெரிஞ்சவங்க இருந்தா கேட்டுப் பாருங்க மாப்பிள்ளை" என்று வழியனுப்பினார். சீதாவாக்கை மன்னர்களைத் தவிர வேறெவரையும் நான் சந்திக்கப் போவதில்லை என்பதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

இம்மலைகளில் முதலில் விளைந்தது கோப்பி. 1869 ஆம் ஆண்டு இலங்கையிலே கண்டறியப்பட்ட இலைநோய் அதனை மெல்ல மெல்ல அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிர் மாறியது, தமிழகத்திலிருந்து வந்து காடு வெட்டியவர்களின் லயம் மாறவில்லை. மாதம்பைச் சந்தியில் திரும்பிக் காவத்தையைக் கடந்ததும், சாலையோர வயலொன்றில் மாணிக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். காரை நிறுத்தினோம்.

பார்க்கவேண்டிய காட்சி அது. குழியின் பக்கங்கள் சரியாதிருக்க மரக்குற்றிகளைச் சட்டமிட்டு, இடைவெளிகளில் பன்னத்தழையைத் திணித்திருந்தார்கள். கீழே இறங்கியவர் மண்ணை வாரி அனுப்ப, மேலே நிற்பவர்கள் அதனைப் பிரம்புக் கூடையிலிட்டு நீரில் சுழற்றிச் சுழற்றி அலசுகிறார்கள். கல் இருக்கக்கூடிய சரளை மண்ணுக்குச் சிங்களத்தில் 'இல்லம' என்று பெயர். அதைக் கேட்டதும் என் மனைவி சிரித்தாள். "இங்கேயும் இல்லத்தைத்தான் தேடுறாங்களா?" என்றாள். இருபது ஆண்டுகளாக இவ்வழியே போய்வரும் எனக்கு அந்த ஒற்றுமை தோன்றவே இல்லை.

பெல்மதுளை வழியாக இரத்தினபுரியை அடைந்தோம். 1912 இல் சிறு ரயில் இந்நகருக்கு வந்தது. இன்று ரயில்பாதை அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. சிவனொளிபாதமலையின் காவல் தெய்வமான சமன் தேவருக்குரிய பெரிய தேவாலயம் நகருக்குச் சிறிது வெளியே இருக்கிறது. போர்த்துக்கேயர் அதனைக் கைப்பற்றி அவ்விடத்தில் தம் கோயிலைக் கட்டினர். பின்னர் தேவாலயம் மீண்டும் எழுந்தது. வீழ்ந்து கிடக்கும் சிங்கள வீரன்மீது வாளோங்கி நிற்கும் போர்த்துக்கேயனைச் செதுக்கிய கல்லொன்று இன்றும் அங்கே உண்டு. வென்றவன் தன் பெருமைக்காக வைத்த கல்லைத் தோற்றவர்கள் உடைத்தெறியாமல் வைத்திருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. பகலுணவுக்குக் கட்டிவந்த புளிச்சோற்றை உண்டபின் குருவிட்ட, எகலியகொடை ஊர்களை நிற்காமலே கடந்தோம். மழை பிடித்துக்கொண்டது.

அவிசாவளைதான் பழைய சீதாவாக்கை. 1521 இல் கோட்டே மன்னன் விஜயபாகுவை அவன் மைந்தர்கள் கொலைசெய்வித்து நாட்டை மூன்றாகப் பங்கிட்டபோது மாயாதுன்னையின் பங்காக வந்தது இப்பகுதி. 1581 இல் பட்டமெய்திய அவன் மகன் முதலாம் இராசசிங்கன் சைவனானான். சிவனொளிபாதமலையையே சைவத் துறவிகளிடம் ஒப்படைத்தான் என்று சிங்கள வரலாற்று நூல்கள் வருத்தத்தோடு கூறும். அவன் எழுப்பிய சிவன் கோவில் சீதாவாக்கை ஆற்றங்கரையிலே சிதைந்து கிடக்கிறது. பெரண்டி கோவில் என்பர். 'பைரவ ஆண்டி' என்பதே அவ்வாறு திரிந்தது என்பாரும் உளர்.

மழை விட்டபோது அங்கே எங்களைத் தவிர எவருமில்லை. திராவிட முறையில் அமைந்த கருங்கல் அடித்தளமும் தூண்களும் சுவரின் சில பகுதிகளுமே எஞ்சியுள்ளன. நான் கல்வரிகளைச் சுட்டிக்காட்டி நீண்டதொரு விரிவுரையைத் தொடங்கினேன். அவளோ செருப்பைக் கழற்றிவிட்டு, கருவறையாக இருந்திருக்கக்கூடிய இடத்தை ஓரத்திலிருந்து அடிமேல் அடிவைத்து அளக்கத் தொடங்கிவிட்டாள்.

"என்ன அளக்கிறாய்?"

"அம்மாவோட அறை இதுக்குள்ள அடங்குமான்னு பார்க்கிறேன்."

விரிவுரையை நிறுத்திக்கொண்டேன். வழியில் பறித்த இரண்டு செம்பருத்திப் பூக்களை ஈரக்கல்லின்மேல் வைத்து அவள் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

இருட்டியபின் லயத்துக்குத் திரும்பினோம். மாமியார் தேநீர் ஊற்றித் தந்து, "யாரையாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். "ஒரு ராசாவோட கோவிலைப் பார்த்தோம் அம்மா, கூரையில்லாமக் கிடக்கு" என்றாள் மகள். மாமியார் சிறிது யோசித்துவிட்டு, "மழைக்காலத்துல சிரமந்தான்" என்றார்.