பணமுடையும் பாலர் நூலும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணவரை நோக்கி, "மேலே என்ன செய்யக் கருதுகிறீர்?" என்று வினவினால், ஆசிரியத் தொழில் என்றோ அரசாங்க உத்தியோகம் என்றோ விடை வருதல் வழக்கம். யான், குழந்தைகளுக்கு நூல் எழுதக் கருதுகின்றேன் என்று கூறுங்கால், கேட்போர் முகத்தில் முதலில் வியப்பும் பின்னர் இரக்கமும் தோன்றுகின்றன. "அதனால் வயிறு நிறையுமா?" என்பதே யாவரும் கேட்கும் கேள்வி. இக்கேள்வியை இகழ்ந்து தள்ளுதல் முறையன்று. எடுத்து ஆராய்தலே தக்கது.

என் தந்தையார் ஓர் அச்சகத்தில் பைண்டிங் தொழில் புரிபவர். 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு ஏற்பட்டபோது அவ்வச்சகத்தின் கதவும் அடைபட்டது. பள்ளிகள் மூடப்பட்டமையின் நோட்டுப் புத்தக வேலை இல்லை. திருமணங்கள் சுருங்கியமையின் அழைப்பிதழ் வேலையும் இல்லை. கூலியின்றிப் பல வாரங்கள் கழிந்தன. அந்நாளில் எங்கள் வீட்டில் அரிசி வாங்கினோம், மருந்து வாங்கினோம்; கதைப் புத்தகம் ஒன்றேனும் வாங்கினோமில்லை. பணமுடை வந்துற்றால் முதலிற் கைவிடப்படுவது குழந்தை நூலே என்பதை யான் ஏட்டிற் கற்றேனல்லேன், வீட்டிற் கண்டேன்.

இதன் காரணம் வெளிப்படை. குழந்தை நூலைப் படிப்பவர் ஒருவர். விலை கொடுப்பவர் மற்றொருவர். பாடப் புத்தகம் இன்றிப் பள்ளி செல்லல் இயலாது. கதைப் புத்தகம் இன்றிச் செல்லலாம். மேலும், குழந்தை நூலுக்குப் பல வண்ணப் படங்கள் வேண்டும். சில நூறு படிகளே அச்சிடின் ஒவ்வொரு படிக்கும் அடக்கவிலை ஏறும். விலை ஏற வாங்குவோர் குறைவர். அவர் குறையப் படிகள் இன்னும் குறையும். இச்சுழலில் அகப்பட்ட பதிப்பாளர், பெயர் அறியாத எழுத்தாளரின் கைப்பிரதியைத் திறந்து பாராதிருத்தல் வியப்பன்று.

நிற்க. இத்தகைய காலத்தும் குழந்தை நூல் பிறந்ததுண்டோ எனின், உண்டு. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துப் பண்ணையொன்றில் வாழ்ந்த லாரா இங்கல்ஸ் ஒயில்டர் என்னும் அம்மையார், 1929 இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் தம் கணவரோடு சேர்த்துவைத்த பொருளை இழந்தார். 1930 இல் தம் இளமை வரலாற்றை எழுதினார். அதனை வெளியிடுவார் இலர். அதன் முற்பகுதியை மட்டும் சிறுவர்க்கு ஏற்பத் திருத்தி விரித்தார். எழுத்தாளராகிய மகளாரும் துணை நின்றார். அதனை ஏற்றுக்கொண்ட பதிப்பகமோ, பணமுடை காரணமாகத் தன் குழந்தை நூற் பிரிவையே மூடிவிட்டது. அம்மையார் சோர்ந்திலர். வேறொரு பதிப்பகத்தார் 1932 இல் அதனை வெளியிட்டனர். அப்பொழுது அவருக்கு வயது 65. அந்நூல் வரிசையில் அமெரிக்கப் பழங்குடியினரைச் சித்திரித்த முறை பிற்காலத்தே கண்டனத்திற்கு உள்ளாயிற்று, அக்கண்டனம் நேரியதே. ஆயினும், அறுபத்தைந்து வயதில், கைப்பொருள் இழந்த நிலையில், அவர் காட்டிய ஊக்கம் நாம் கொள்ளத்தக்கது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. இராயவரத்திற் பிறந்த அழ. வள்ளியப்பா அவர்கள் தம் முதற் பாடற்றொகுதியாகிய 'மலரும் உள்ளம்' என்பதை வெளியிட்டது 1944 இல். அது போர்க்காலம், தாள் கிடைத்தல் அரிதாயிருந்த காலம். அவர் வங்கியில் அலுவல் பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாடினார். 1950 இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றவரும் அவரே. வயிற்றுக்கு ஒரு தொழிலும் உள்ளத்துக்கு ஒரு தொழிலும் ஒருவரிடத்தே பகையின்றி வாழலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.

நம்பிக்கை என்பது நற்காலம் வருமென்று கைகட்டிக் காத்திருத்தலன்று. உள்ள காலத்திற்கு ஏற்ப வேலையை அமைத்துக்கொள்ளுதல். இதனை எனக்கு உணர்த்தியவர் என் தந்தையாரே. ஊரடங்கு நாளில், முன்னரே வீட்டிற் கிடந்த வெட்டுத் தாள்களில் என் தங்கைக்காக ஆமை ஒன்றின் கதையை எழுதினேன். கதை நீண்டது. தந்தையார் பக்கங்களை எண்ணிப் பார்த்து, "ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். பதினேழாம் பக்கம் எழுதினால் இன்னொரு தாள் வேண்டும். உன் ஆமையைப் பதினாறுக்குள் வீடு சேர்த்துவிடு" என்றார். சேர்த்தேன். வேண்டாத அடைமொழிகள் எல்லாம் உதிர்ந்தன. கதை முன்னையினும் விரைந்து நடந்தது. அவர் நடுமடிப்பில் நூலிட்டுத் தைத்துத் தந்தார். ஒரே முற்றத்தைச் சூழ்ந்த நான்கு வீட்டுப் பிள்ளைகள் அதனைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தனர். இருமுறை தையல் விட்டது. இருமுறையும் தந்தையார் மறுபடி தைத்தார். வேலையற்றிருந்த அவர் கைகளுக்கு அன்று அதுவே வேலை.

நண்பர்காள்! குழந்தை நூல் எழுதிச் செல்வம் ஈட்டுவேன் என்று யான் கூறவில்லை. படிப்பு முடிந்தபின் ஆசிரியப் பணி தேடுவேன், மாலைதோறும் எழுதுவேன். பதினாறு பக்கத்திற்குள், இரு வண்ணத்தில், கூலிவேலை செய்வாரும் வாங்கத்தக்க விலையில் நூல் அமைக்கக் கருதுகின்றேன். இக்கல்லூரியிற் பயின்று ஊர்தோறும் ஆசிரியராய் விளங்கும் பெரியோர்கள், தம் வகுப்பிற்கென ஆண்டுக்குச் சில கதை நூல்கள் வாங்கிவைப்பார்களாயின், விலை கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளையும் படிக்கும். பதிப்பாளரும் அடுத்த நூலைத் துணிந்து அச்சிடுவர். பணமுடை பெரியோர்க்கு வருவது. குழந்தைப் பருவமோ அது நீங்கும்வரை காத்து நில்லாது. ஆதலின் எழுதவேண்டுவதும் இப்பொழுதே.