“ஒலி அட்டை எதுவும் காணப்படவில்லை”

சில மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர், நான் பத்திரிகைத்துறையில் காலடி வைத்த காலத்தில் எங்கள் அச்சகத்தில் அச்சுக்கோப்பாளராக இருந்த ஒரு பெரியவரின் மகள். அந்தப் பெரியவரை நாங்கள் எல்லோரும் ‘மாஸ்ரர்’ என்றே அழைப்போம். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய வீட்டில் குடியிருந்தவர். ஈயத்தில் தமிழ் எழுத்துகளைக் கோத்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

“ஐயா, அப்பாவின் குரல் எங்களிடம் எங்குமே இல்லை. நீங்கள் ஒருமுறை வீட்டுக்கு வந்து அவரை ரேப்பில் பேச வைத்தீர்கள் என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. அந்தக் கசெற் இன்னும் இருக்கிறதா? அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது” என்று எழுதியிருந்தார்.

கசெற் இருந்தது. வெள்ளவத்தை வீட்டின் பின்னறையில், இரும்பு அலுமாரியின் அடித்தட்டில், பழைய பிஸ்கற் தகரம் ஒன்றுக்குள் கிடந்தது. ‘மாஸ்ரர், 1996’ என்று என் கையெழுத்தில் மேலே எழுதியிருந்தது. அவரைப் பற்றிய ஒரு ஞாயிறு வாரமலர்க் கட்டுரைக்காகப் பதிவு செய்தது அது.

கசெற் என்ற சாதனத்தை பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகம் செய்தது. மெல்லிய பிளாஸ்ரிக் நாடாவின் மேல் இரும்பு ஒட்சைட்டுத் துகள்களை ஒரு பசையால் ஒட்டியிருப்பார்கள். ஒலி அந்தத் துகள்களில் காந்தமாகப் பதிந்திருக்கும். கடற்காற்றும் ஈரமும் படும்போது பசை இளகும்; நாடா ஒன்றோடொன்று ஒட்டும்; பூஞ்சணம் பிடிக்கும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் ஆணி கூட விரைவில் துருப்பிடிக்கும். என் நாடாவின் விளிம்பிலும் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. அதை இன்னும் எத்தனை முறை ஓடவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருமுறையாக இருக்கலாம். ஆகவே ஓடவிடும் முதல் முறையே கணினியில் பதிவாகிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பின்னறையில் லினக்ஸ் இயங்கும் ஒரு பழைய கணினி உண்டு. உபுண்டு இட்டவன் என் தங்கையின் மகன். அதன் திரை பழுதாகி வெகுகாலம். ஆகையால் முன்னறையிலிருந்து மடிக்கணினி மூலம், வலையமைப்பு வழியே உள்நுழைந்துதான் அதைப் பயன்படுத்துவேன். கசெற் இயந்திரமும் பின்னறையில்தான் இருந்தது. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் ஒலியை உள்வாங்கும் யூ.எஸ்.பி. பெட்டி ஒன்றை வாங்கி வந்து, கசெற் இயந்திரத்தின் வயரை அதில் செருகி, பெட்டியைக் கணினியில் செருகினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

முன்னறைக்கு வந்து, பதிவுக் கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தேன். “ஒலி அட்டை எதுவும் காணப்படவில்லை” என்று பதில் வந்தது.

பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயரை மாற்றினேன்; துவாரத்தை மாற்றினேன். யூ.எஸ்.பி. கருவிகளைப் பட்டியலிடும் வேறொரு கட்டளை, பெட்டியின் பெயரையும் தயாரிப்பாளரையும் தெளிவாகக் காட்டியது. கணினிக்குப் பெட்டியைத் தெரிகிறது. ஆனால் எனக்கு மட்டும் இல்லை என்கிறது. கடைக்காரரைக் குறை சொல்ல வாயெடுத்தவன், நல்ல வேளையாக முதலில் மருமகனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“மாமா, அதே கட்டளையை முன்னுக்கு ‘சூடோ’ போட்டுக் குடுத்துப் பாருங்கோ” என்றான்.

கொடுத்தேன். அட்டை வந்து நின்றது.

“அப்ப பெட்டியிலை பிழை இல்லை. உங்களுக்குத்தான் அனுமதி இல்லை.”

இந்த இடத்தில் சற்று நின்று விளக்க வேண்டும். லினக்ஸில் அநேகமாக ஒவ்வொரு கருவியும் ஒரு கோப்பாகவே தோன்றும். ஒலிக் கருவிகளின் கோப்புகள் ‘டெவ்’ என்ற அடைவுக்குள் ‘எஸ்.என்.டி.’ என்ற உள்ளடைவில் இருக்கும். எல்லாக் கோப்புகளையும் போலவே இவற்றுக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, அனுமதிகள் என்று உண்டு. உரிமையாளர் ‘றூட்’ என்ற தலைமைப் பயனர். குழு ‘ஓடியோ’. இவ்விரண்டிலும் சேராதவருக்கு வாசிக்கவும் அனுமதியில்லை, எழுதவும் அனுமதியில்லை. பட்டியலிடும் செயலி கோப்பைத் திறக்க முயன்று, மறுக்கப்பட்டு, “எதுவும் காணப்படவில்லை” என்று அறிக்கை விட்டுவிடுகிறது. “இருக்கிறது, ஆனால் உனக்குத் திறக்க அனுமதி இல்லை” என்று அது சொல்வதில்லை.

அப்படியானால் திரைக்கு முன்னால் அமர்ந்து பாவிக்கும் சாதாரண ஒருவருக்கு எவ்வாறு ஒலி கேட்கிறது? அதற்கு வேறொரு ஏற்பாடு இருக்கிறது. கணினியின் திரையும் விசைப்பலகையும் சேர்ந்த இடத்தை இன்றைய லினக்ஸ் ‘இருக்கை’ என்று கணக்கில் கொள்கிறது. அந்த இருக்கையில் அப்போது யார் நேரில் அமர்ந்திருக்கிறாரோ அவருக்கு மட்டும் ஒலிக் கருவியின் மேல் தற்காலிக அனுமதி கொடுக்கப்படும். அவர் வெளியேறினால் அனுமதி மீளப்பெறப்படும். நானோ வலையமைப்பு வழியே வந்தவன். எனக்கு இருக்கை இல்லை.

அனுமதிப் பட்டியலை விரிவாகக் காட்டும் கட்டளையைக் கொடுத்தபோது ஒரு வேடிக்கையைக் கண்டேன். பின்னறைக் கணினியில் யாருமே அமர்ந்திருக்கவில்லை அல்லவா? ஆகவே பெட்டிக்கான அனுமதி, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக் காத்து நிற்கும் வரவேற்புத் திரையின் பெயரில் இருந்தது. வீட்டுக்காரன் வெளியே நிற்க, வீட்டுத் திறப்பு வாசற்காவலாளியின் பையில்!

சிரித்தேன்தான். ஆனால் கொழும்புத் தமிழனுக்கு இந்த வகைக் கணக்குப் புதிதல்ல. வீட்டில் இருப்போர் விபரத்தைப் பொலிஸில் பதிந்து, அந்தப் பத்திரத்தைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாழ்ந்த ஆண்டுகள் எங்களுக்கு உண்டு. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் உட்பட 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். தகுந்த காரணம் இன்றித் தங்கியிருந்தார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆள் இருக்கிறார், பட்டியலில் பெயர் இல்லை, ஆகவே ஆள் இல்லை என்ற தர்க்கம் கணினிக்கு முன்பே எங்களுக்கு அறிமுகமானது.

இனி என் சொந்தப் பிழைக்கு வருகிறேன்.

எல்லாவற்றையும் தலைமைப் பயனராகவே செய்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். மருமகன் தடுத்தான். பதியும் கோப்புகளெல்லாம் றூட்டின் உடைமையாகிவிடும்; பின்னர் நானே அவற்றை வெட்டவோ பெயர் மாற்றவோ முடியாது. கருவிக் கோப்பின் அனுமதியை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். அதைச் செய்தும் பார்த்தேன். வேலை செய்தது. வயரைப் பிடுங்கிச் செருகியதும் மீண்டும் “காணப்படவில்லை”. ஏனென்றால் அந்தக் கோப்பு வட்டில் நிலையாக இருப்பதன்று. கருவியைச் செருகும் ஒவ்வொரு தடவையும் புதிதாக உண்டாக்கப்பட்டு, அனுமதிகளும் புதிதாக எழுதப்படும்.

எஞ்சிய வழி, என் பெயரை ‘ஓடியோ’ குழுவில் சேர்ப்பது. அதற்கான ‘யூசர்மொட்’ கட்டளையை மருமகன் வாயால் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். அதில் பெரிய ‘ஜீ’ எழுத்துக்கு முன்னால் சிறிய ‘ஏ’ எழுத்து ஒன்று வரவேண்டும். நான் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்பது ஆண்டுகள் மற்றவர்களின் எழுத்துப்பிழைகளைத் திருத்தியவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.

குழு மாற்றம் மறுபடி உள்நுழையும்போதுதான் நடைமுறைக்கு வரும். வெளியேறி உள்நுழைந்தேன். அட்டை தெரிந்தது. மகிழ்ந்துபோய், பதிவுக்குத் தேவையான ஒரு மென்பொருளை நிறுவ முயன்றேன். என் பெயர் அனுமதிப் பட்டியலில் இல்லை என்றும், இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும் என்றும் கணினி சொன்னது. (பழைய பதிப்பு, அப்படித்தான் சொல்லும்.)

யாருக்கு அறிவிக்கும்? அந்தக் கணினியில் இருப்பவன் நான் ஒருவன்தான்!

நடந்தது இதுதான். அந்தச் சிறிய ‘ஏ’ எழுத்துக்கு ‘இருப்பவற்றோடு சேர்’ என்று பொருள். அது இல்லாவிட்டால், ‘இதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கு’ என்றாகிவிடும். ‘ஓடியோ’ குழுவில் சேர்ந்தேன். கூடவே, நிர்வாகம் செய்யும் உரிமையைத் தரும் ‘சூடோ’ குழு உட்பட மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் விலக்கப்பட்டேன். விலக்கியவனும் நானே.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு திரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கணினியை மீட்பு நிலையில் தொடக்கி, தலைமைப் பயனராக நுழைந்து, வாசிக்க மட்டும் திறந்திருந்த வட்டை எழுதவும் திறந்து, இழந்த குழுக்களில் என்னை மீண்டும் சேர்த்தான். பத்து நிமிட வேலை. “இனிமேல் ‘அட்யூசர்’ எண்டு குடுத்து, உங்கடை பேரையும் குழுவின்ரை பேரையும் எழுதுங்கோ மாமா. அது சேர்க்க மட்டும்தான் செய்யும், ஒண்டையும் கழட்டாது” என்றான். உபுண்டு, டெபியன் பாவிக்கும் என் வயதுக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் சொன்னான். ‘ஓடியோ’ குழுவில் இருப்பவர், இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருக்கும்போதும் ஒலிவாங்கியைத் திறந்து கேட்க முடியும். பலர் பாவிக்கும் கணினியில் எல்லோரையும் அக்குழுவில் சேர்ப்பது நல்லதல்ல. ஒருவர் மட்டும் பாவிக்கும் கணினிக்குப் பாதகமில்லை. பத்திரிகையாளர்கள் இதை மனத்தில் கொள்வது நன்று.

அன்று மாலை கசெற் இயந்திரத்தின் தலையை ஸ்பிரிற்றால் துடைத்து, பதிவைத் தொடக்கினோம். ஒலி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேசச் சங்கம் இத்தகைய பதிவுகளுக்குக் குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் அளவைப் பரிந்துரைக்கிறது. நாங்கள் 96 கிலோஹேர்ட்ஸில் எடுத்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைற் இடம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

முதலில் இரைச்சல். பிறகு ஒரு மணியோசை. கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தின் மணி. தேநீர்க் கோப்பை வைக்கும் சத்தம். அதன் பின் மாஸ்ரரின் குரல். எழுத்துப் பெட்டியில் எந்த எழுத்து எந்த அறையில் இருக்கும், ‘ணை’, ‘லை’, ‘னை’ ஆகியவற்றின் பழைய வடிவங்கள் எவ்வளவு இடம் பிடித்தன, மின்சாரம் போனாலும் விரல்களால் தடவியே எவ்வாறு கோப்பது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். கட்டுரையில் நான் எழுதியவைதாம் இவை.

பிறகு எதிர்பாராத ஓரிடம் வந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு ‘லங்கா கல்யாணி’ கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தவர், “அண்டைக்கு ராத்திரி கப்பல் தட்டிலை என்ரை மனுசி என்னட்டை ஒண்டு கேட்டவ...” என்று தொடங்குகிறார். ஓர் இளைஞனின் குரல் குறுக்கிடுகிறது. “அது இருக்கட்டும் மாஸ்ரர், ஈய எழுத்துகள் எத்தனை இறாத்தல் இருக்கும்?”

அந்தக் குரல் என்னுடையது. ஞாயிறு இதழுக்கு அச்சுத் தொழில் பற்றிய கட்டுரைதான் வேண்டியிருந்தது. மாஸ்ரர் ஒரு கணம் பேசாமல் இருக்கிறார். பிறகு இறாத்தல் கணக்கைச் சொல்கிறார். கப்பல் கதைக்கு அவர் திரும்பவேயில்லை.

அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று ஓர் இரவு யோசித்தேன். வெட்டவில்லை. முழுப் பதிவையும் ரொறன்ரோவுக்கு அனுப்பி, குறுக்கிட்டதற்கு மன்னிப்புக் கேட்டும் எழுதினேன். நான்கு நாட்களின் பின் மகளிடமிருந்து பதில் வந்தது.

“அம்மா மூன்று முறை கேட்டுவிட்டா. கப்பலில் என்ன கேட்டேன் என்று இப்போது அவவே எங்களுக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறா. நான் என் தொலைபேசியில் பதிந்துகொண்டிருக்கிறேன். குறுக்கே ஒன்றும் கேட்பதில்லை.”

என்ன கேட்டார் என்பதை அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. பிஸ்கற் தகரத்துக்குள் இன்னும் பதினேழு கசெற்றுகள் இருக்கின்றன.