இல்லறத்தில் ஓர் அருந்தவம்

அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூரில் ஆலந்துறையாரோடு எழுந்தருளியிருக்கும் அம்பிகையின் திருநாமம் அருந்தவநாயகி. விளையாட்டாக ஈசனின் திருக்கண்களை மூடியதால் உலகம் இருண்டது. அப்பிழை நீங்க அன்னை இங்கு ஒற்றைக்காலில் நின்று தவமியற்றினாள் என்பது தலபுராணம். அத்தவம் நாயகனை விட்டு விலகுவதற்கன்று. அவனை மீண்டும் அடைவதற்கே. இல்லறத்தார் கொள்ளத்தக்க பாடம் இது.

3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 42.2 கிலோமீட்டர் ஓடி, யாவற்றையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பந்தயம் ஒன்றுண்டு. 1978-இல் ஹவாயில் தோன்றிய அதனை 'அயர்ன்மேன்' என்பர். இதற்குப் பயில்வோருள் பலர் அலுவலும் குடும்பமும் உடையவர்களே. வைகறைப் பொழுதே அவர்களுக்குச் சொந்தம்.

ஜப்பானியரான ஹிரோமு இனாடா, நோயுற்ற மனைவியைப் பேணும்பொருட்டு 60-ஆம் வயதில் பணியைத் துறந்தவர். நீச்சல் பழகியதும் அவ்வயதில்தான். 2015-இல், 82-ஆம் வயதில், ஹவாய் உலகப் போட்டியின் எல்லைக்கோட்டருகே தளர்ந்து வீழ்ந்தார். எழுந்து சென்றும் சில விநாடிகள் தாமதமாயிற்று. நாள் முழுதும் பட்ட பாடு கணக்கில் சேரவில்லை. அவர் கசந்து ஒதுங்கவில்லை. மறு ஆண்டே உரிய நேரத்தில் முடித்தார். 85-ஆம் வயதில் மீண்டும் முடித்தார்.

கடமையை உதறி ஓடுவது தவமாகாது. கடமைக்கு நடுவே கிடைக்கும் சிறுபொழுதை நழுவவிடாமல் காப்பதே தவம். மகனோ மருமகளோ விடியலில் பயிற்சிக்குச் செல்லும்போது, பேரக்குழந்தையை மடியிலிருத்திக் காக்கும் முதியோருக்கும் அத்தவத்தில் பங்குண்டு. தம் கால்கள் தாங்கும் அளவுக்குப் பிராகாரத்தை வலம்வருவோருக்கும் அன்னை அருள்வாளாக!