எந்தக் கயிறு?

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் காசிமேடு துறைமுகத்தில் தண்ணீரே தெரியாது. விசைப்படகுகள் எல்லாம் திரும்பி வந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கரையோரம் நிற்கிற படகைத்தான் கரையில் கட்டியிருப்பார்கள். இரண்டாவது படகை முதல் படகில் கட்டுவார்கள், மூன்றாவதை இரண்டாவதில். கடைசிப் படகுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் இருக்கிற அத்தனை படகிலும் ஏறி இறங்க வேண்டும். இப்போது ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் இந்த நெரிசல். 2017-க்கு முன்னால் 45 நாள்.

அந்த 45 நாள் காலத்தில் நடந்தது இது. எனக்குப் பதினோரு வயது. நைனா அப்போது வேறொருத்தர் படகில் டிரைவர். படகு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது, மராமத்துக்காகக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். படகுக்காரர் கரையில் நின்றபடி, புதுசாக வேலைக்கு வந்திருந்த ஒரு அண்ணனிடம் கத்தினார்: "டேய், கயிற அவுறுடா!"

அவர் அவிழ்த்தார். பக்கத்துப் படகைப் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அது. அதற்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று படகும் மெதுவாக விலகின. ஒன்றும் அவசரமில்லாத மாதிரி காற்றில் திரும்பி, எதிர்வரிசைப் படகில் போய் இடித்தன. பலகை விரிசல் விட்ட சத்தம் கரைக்குக் கேட்டது. படகுக்காரர் தாவி வந்து அந்த அண்ணனை ஓர் அறை விட்டார்.

நைனா நடுவில் போய் நின்றார். "அவன இன்னாத்துக்கு அடிக்கிற? கயிறுன்ன, கயிற அவுத்தான். எந்தக் கயிறுன்னு நீ சொன்னியா?"

அவ்வளவுதான் கேட்டார். தடைக்காலம் முடிந்ததும் நைனா வேறு படகுக்குப் போனார். ஏன் என்று வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் ரெண்டு மாதத்துக்கு, "வாயக் குடுத்துட்டு வந்தியே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைப் பதிமூன்று வருஷம் மறந்திருந்தேன். 2019-இல் ஒரு சர்வர் ஞாபகப்படுத்தியது.

*

2012-இல் பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு அரசு லேப்டாப் கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் சென்னை சி-டாக்கில் உருவானது. படம் வைக்க இடம் போதவில்லை என்று வகுப்பில் பாதிப் பேர் அதை அழித்தார்கள். நான் விட்டுவைத்தேன், விளையாட்டுக்குத்தான். காலேஜில் ஒரு சீனியர் அதே லேப்டாப்பில் உபுண்டு போட்டுக்கொடுத்தார். அப்போதுதான் 'சுடோ' என்ற சொல்லைப் பார்த்தேன்.

லினக்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த உலகத்தில் 'ரூட்' என்று ஒருவர் உண்டு. எந்தக் கோப்பையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம், யாரையும் நிறுத்தலாம், கேட்க ஆளில்லை. மற்றவர்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குள் இருக்கிறவர்கள். ஆனால் சாதாரண ஆளுக்கும் சிலநேரம் பெரிய வேலை ஒன்று செய்ய வேண்டிவரும். அதற்காக ரூட்டின் பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் கொடுக்க முடியுமா? 1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகக் கணினித் துறையில் இந்தக் கேள்வி வந்தது. பாப் காக்ஷல், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இரண்டு பேர் ஒரு சின்ன நிரல் எழுதினார்கள். அதுதான் சுடோ. யார், எந்த இயந்திரத்தில், யாருடைய பெயரில், எந்தக் கட்டளையை ஓட்டலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். கட்டளைக்கு முன்னால் 'சுடோ' என்று போட்டால் அது பட்டியலைப் பார்க்கும். பெயர் இருந்தால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் ரூட்டின் கையை இரவல் தரும்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால்? காலேஜ் லேபில் சும்மா அடித்துப் பார்த்தேன். நீ பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் புகாராகப் பதிவாகும் என்று ஆங்கிலத்தில் வந்தது. ஒரு வாரம் ஹெச்ஓடி ரூம் பக்கமே போகவில்லை. அந்தப் புகார் வழக்கமாக அதே கம்ப்யூட்டரில் இருக்கிற ரூட்டின் தபால்பெட்டிக்குத்தான் போகும், எங்கள் லேபில் அதை யாரும் திறந்ததே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

*

படித்து முடித்து 2016-இல் வேலைக்குப் போனேன். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. இரண்டு வருஷத்தில் அந்தப் பட்டியலை எழுதுகிற இடத்துக்கே வந்துவிட்டேன். யாருக்கு எது என்று நான் முடிவு செய்கிறேன்! காசிமேட்டில் இருந்து வந்தவனுக்கு அது கொஞ்சம் தலைக்கு ஏறத்தான் செய்தது.

எழுத எழுதத்தான் விஷயம் புரிந்தது. நாம் ஒரு கட்டளையின் பெயரை அனுமதிக்கிறோம். ஆனால் கொடுப்பது பெயரை அல்ல, அந்தக் கட்டளையால் என்னென்ன முடியுமோ அத்தனையையும். லாக் கோப்பைப் படிக்கட்டும் என்று 'லெஸ்' என்ற கட்டளையைக் கொடுப்போம். வெறும் வாசிப்புக் கருவிதானே. ஆனால் லெஸ்ஸுக்குள் இருந்தபடி ஓர் ஆச்சரியக்குறி போட்டால், அங்கிருந்தே வேறு எந்தக் கட்டளையையும் ஓட்டலாம், ரூட்டாக. ஒரே ஒரு கோப்பைத் திருத்தட்டும் என்று 'விஐ' கொடுத்தாலும் அதே கதை. துறைமுக கேட்டில், ஐஸ் வண்டிதானே என்று உள்ளே விடுகிற மாதிரி. வண்டி மேல் ஐஸ் என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பதை யார் பார்த்தது?

சரி, ஆபத்தானதை மட்டும் தடுத்துவிட்டு மற்றதை எல்லாம் விட்டால்? அது இன்னும் மோசம். தடுத்த நிரலை வேறு பெயரில் நகல் எடுத்தால் போதும், சுடோ அதை வேறு ஆள் என்று நம்பிவிடும். சுடோவின் கையேடே இதைச் சொல்கிறது. எல்லாவற்றையும் தந்துவிட்டுச் சிலவற்றைக் கழிப்பது பாதுகாப்பல்ல என்று. இதையெல்லாம் படித்தேன். படித்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன்.

*

2018-இல் ஒரு விதி எழுதினேன். இரவு ஷிஃப்ட்டில் இருக்கிறவர்கள் டிஸ்க் நிரம்பினால் பழைய லாக்குகளை அழிக்க வேண்டும். அதற்காக என்னை எழுப்பக் கூடாது. அதனால் அழிக்கும் கட்டளை, லாக் ஃபோல்டரின் பாதை, கடைசியில் ஒரு நட்சத்திரக்குறி. 'இந்த ஃபோல்டருக்குள் எது வேண்டுமானாலும்' என்று அர்த்தம். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

லினக்ஸின் கட்டளைத் திரையில் நட்சத்திரம் அந்த ஃபோல்டருக்குள்ளேதான் நிற்கும். சாய்கோட்டைத் தாண்டாது. சுடோவின் பட்டியலில், கட்டளைக்குப் பின்னால் வருகிற பகுதியில், நட்சத்திரத்துக்கு எல்லையே இல்லை. சாய்கோட்டையும் தாண்டும், இடைவெளியையும் தாண்டும். லாக் ஃபோல்டரில் தொடங்கினால் போதும். அதன் பின் ஓர் இடைவெளி விட்டு வேறு எந்தப் பாதையை எழுதினாலும் என் விதி 'சரி' என்று சொல்லும். இதுவும் கையேட்டில் எச்சரிக்கையாகவே இருக்கிறது. அந்தப் பத்தியை நான் படிக்கவில்லை.

எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒரு பொண்ணு இரவு ஷிஃப்ட்டில் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் அம்மா கொடுத்துவிடுகிற இறால் தொக்கில் எனக்கும் பங்கு உண்டு. 2019 மே மாதம் ஓர் இரவு, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அலாரம் அடித்தது. என்ன அழிக்க வேண்டும் என்று ஒரு மெயில் இருந்தது. அதில் ஒரே வரியில் இரண்டு பாதைகள். முதலாவது அழிக்க வேண்டியது. இரண்டாவது, கை வைக்கக் கூடாதது என்ற தலைப்பின் கீழே இருந்தது. அவள் வரியை நகல் எடுத்தபோது இரண்டும் சேர்ந்து வந்தன, நடுவில் ஓர் இடைவெளியோடு. ஒட்டினாள். என்டர் தட்டினாள். சுடோ என் விதியைப் பார்த்தது. சரி என்றது.

இரண்டாவது ஃபோல்டரில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஆவணங்கள் இருந்தன. முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் பெரும்பகுதி திரும்பி வந்தது. அன்று பகல் முழுக்க வந்தவை வரவில்லை.

மறுநாள் மீட்டிங். திரையில் லாக் போட்டுக் காட்டினார்கள். சுடோ இதில் ரொம்ப ஒழுங்கு. யார், எத்தனை மணிக்கு, எந்த ஃபோல்டரில் இருந்துகொண்டு, என்ன கட்டளை கொடுத்தார், எல்லாம் ஒரே வரியில். அவள் பெயர் அங்கே இருந்தது. அதைப் பார்த்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எழுத்தில் விளக்கம் கொடு என்றார்கள்.

அந்த வரியில் என் பெயர் இல்லை. செய்தது யார் என்று லாக் சொல்லும். அதைச் செய்யலாம் என்று எழுதிவைத்தது யார் என்று சொல்லாது. அந்த மீட்டிங்கில் என் விதியைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் பார்ப்போம், உறுதி செய்துகொண்டு சொல்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறுதி செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதன்பின்னும் இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

*

மே மாதம் என்றால் தடைக்காலம். மூன்றாம் நாள் ஞாயிறு. நைனா வலை பின்னிக்கொண்டு துறைமுகத்தில் இருந்தார். நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். வரிசையாகப் படகுகள். ஒன்றைப் பிடித்து ஒன்று.

"இன்னா கண்ணு, மூஞ்சே செரியில்ல?"

ஆபீஸில் ஒரு பொண்ணு தெரியாமல் கொஞ்சம் டேட்டாவை அழித்துவிட்டாள் என்றேன். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நைனா ஊசியை நிறுத்தாமல் கேட்டார்: "அழிக்கச் சொன்னது யாரு?"

"அழிக்கத்தான் சொன்னாங்க. வேற எதையோ அழிச்சிட்டா."

"எத அழிக்கணும்னு செரியா சொன்னாங்களா?"

அவருக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. எனக்கு வந்துவிட்டது. விலகிப்போன மூன்று படகு, அந்த அறை, நைனா நடுவில் போய் நின்றது, அதன்பின் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது. நைனாவுக்கு அதனால் ஒரு படகு போனது. எனக்கு என்ன போய்விடும்? ஒரு அப்ரைசல்.

அங்கேயே, ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவில், போனில் மெயில் எழுதினேன். விதியை எழுதியது நான். நட்சத்திரம் எப்படி வேலை செய்யும் என்று தெரியாமல் எழுதினேன். விதி சரியாக இருந்திருந்தால் அந்தக் கட்டளை ஓடியே இருக்காது. அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டது தவறு.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இனிமேல் விதிகளை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். அவளிடம் வாங்கிய விளக்கத்தைக் கோப்பில் இருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் அவள் சீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றாள்.

சார். அன்றிலிருந்து சார்தான். மூன்று நாள் கழித்துச் சொன்ன உண்மைக்கு அதுதான் விலை.

*

அதன்பின் ஒவ்வொரு விதியாகத் திறந்து பார்த்தேன். நட்சத்திரங்களை எடுத்தேன். இப்போது லாக் அழிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து எதுவும் சொல்ல முடியாது, எதை அழிக்க வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அதைத் திருத்தும் உரிமை ரூட்டுக்கு மட்டும். கோப்பைத் திருத்த வேண்டியவர்களுக்கு விஐக்குப் பதில் 'சுடோஎடிட்' கொடுத்தேன். அதில் எடிட்டர் ரூட்டாக ஓடாது. நம் பெயரிலேயே ஒரு நகலைத் திருத்துவோம், முடிந்ததும் அது உரிய இடத்துக்குப் போகும். 2022-இல் வந்த 1.9.10 பதிப்பிலிருந்து நட்சத்திரத்துக்குப் பதிலாக இன்னும் கறாரான வடிவங்களையும் எழுதலாம்.

இத்தனை செய்தும் நிம்மதி வந்ததா என்றால், இல்லை. 2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுடோவிலேயே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 2011-லிருந்து, ஏறக்குறைய பத்து வருஷம், யார் கண்ணிலும் படாமல் இருந்தது அது. பட்டியலில் பெயரே இல்லாத ஆள்கூட அதன் வழியாக ரூட் ஆகிவிடலாம். வாசலில் நிற்கிற காவல்காரனிடம்தான் எல்லாச் சாவியும் இருக்கிறது, அவன் தடுக்கி விழுந்தால் வீடே திறந்துகொள்ளும். இதனால்தான் ஓபன்பிஎஸ்டி ஆட்கள் 2015-லேயே 'டூஆஸ்' என்று ரொம்பச் சின்னதாக ஒன்றை எழுதிக்கொண்டார்கள். காவல்காரன் எவ்வளவு சின்னவனோ, தடுக்குவதற்கு அவ்வளவு குறைவான இடம் என்பது அவர்கள் கணக்கு.

எனக்கு என் கணக்கு. பட்டியலில் ஒவ்வொரு விதிக்கும் மேலே ஒரு குறிப்பு வரி எழுதுகிறேன். சுடோ அந்த வரியைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். எழுதியவர் பெயர், தேதி, எதற்காக. அடுத்த முறை யாராவது லாக்கைத் திரையில் போட்டு ஒரு சின்னப் பிள்ளையின் பெயரைக் காட்டும்போது, இந்தக் கோப்பையும் திறந்து பக்கத்தில் போட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

அந்தப் பொண்ணு இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாள். போன மாதம் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அங்கே பட்டியல் எழுதுகிற பொறுப்பு அவளுக்கு வந்திருக்கிறதாம். ஒரு விதியை அனுப்பி, சரியா என்று கேட்டிருந்தாள். நட்சத்திரம் இல்லை. மேலே குறிப்பு வரியில் அவள் பெயர் இருந்தது.

"சரியா இருக்கும்மா" என்று பதில் போட்டேன்.

"தேங்க்ஸ் சார்" என்றாள்.