மரக்கட்டையில் வெட்டிய ராயபுரம்

ராயபுரம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கு எப்போதும் அவசரம். ஒருவர் காசிமேட்டில் ஏலம் முடிவதற்குள் மீன் வாங்கியாக வேண்டும். இன்னொருவருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு. உயர்ந்த தூண்களோடு நிற்கும் பழைய கட்டடத்தை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. நாட்டில் இன்றும் நிற்கும் ரயில் நிலையங்களில் இதுவே மூத்தது.

அதே ஆண்டில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வார இதழில் இந்த நிலையத்தின் படம் வந்தது. புகைப்படத்தை அப்படியே பத்திரிகையில் அச்சடிக்க முடியாத காலம் அது. படத்தை மரத்தில் வெட்டித்தான் அச்சுக்கு ஏற்றுவார்கள். அதற்கு ஏற்றது பாக்ஸ்வுட். இழை நெருங்கிய, கெட்டியான மரம்; ஆனால் பருமன் போதாது. அதனால் குறுக்கே அறுத்த சிறு சிறு கட்டைகளைச் சேர்த்து முடுக்கிப் படம் வரைவார்கள். பிறகு கழற்றி, ஆளுக்கொரு துண்டாக வெட்டக் கொடுப்பார்கள். திரும்பப் பூட்டி மை தடவினால் முழுப்படம். அந்தக் காலத்துப் பெரிய படங்களை உற்றுப் பார்த்தால், கட்டைகள் கூடிய இடத்தில் மயிரிழைபோல் ஒரு வெள்ளைக் கோடு சிலவற்றில் தெரியும்.

ஜப்பானில் ஓவியர் ஹிரோஷிகே 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' என்ற மர அச்சுப் பட வரிசையைத் தொடங்கியதும் அதே 1856இல்தான். செர்ரி மரப் பலகை, நிறத்துக்கு ஒரு பலகை. முந்தைய ஆண்டுதான் நிலநடுக்கத்தில் எடோ குலைந்திருந்தது. அந்த எடோதான் இன்றைய டோக்கியோ. ஹிரோஷிகே தம் ஊரை, தம் ஊர்க்காரர்களுக்காக வரைந்தார். ராயபுரத்தின் படமோ லண்டன் வாசகருக்காக வெட்டப்பட்டது. அந்த இதழுக்குச் செய்தி, மதராஸ் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த விழா. கரையில் வாழ்ந்த படகோட்டிகள் செய்தியாகவில்லை.

ஆனால் ரயிலுக்கு முன்பே ராயபுரம் அவர்கள் ஊர். ராயப்பர் கோயில் என்ற தேவாலயத்தைக் கட்டியதும் அவர்களே. துறைமுகம் இல்லாத மதராஸில் கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரமிடும். அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். 1870களில் துறைமுக வேலை தொடங்கியபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே கடல் கரையைத் தின்றது. இன்று எண்ணூர் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் கருங்கற்கள் அதற்கான தடுப்பு.

லண்டன் இதழில் வந்த அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு ராயபுரம் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் மாட்ட வேண்டும். கீழே படகோட்டிகளைப் பற்றித் தமிழில் நாலு வரியாவது இருக்கட்டும்.